வாக்கப்பட்டு வந்தவள் துப்பறிந்தால்...? – ஓர் ஆய்வு

துப்பறியும் நாவல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த பாக்கெட் நாவல்கள்தான். ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா என்று ஜோடி ஜோடியாக வந்து துப்பறிந்தவர்களை நம் அப்பா அம்மா இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா நண்பர்களே? ஜோடியில் முதலில் வருவது எப்போதும் ஆணின் பெயர். ரூபலாவும் சுசீலாவும் கெட்டிக்காரிகள்தான். ஆனால் வழக்கு அவர்களைத் தேடி வருவதில்லை. ஐயாவைத் தேடித்தான் வருகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வகை நாவலைப் பற்றி எழுதவே இக்கட்டுரை. கதை நடப்பது நூறு வருஷத்துக்கு முன்னால். துப்பறிபவள் ஒரு பெண். அதுவும் அந்த ஊர்க்காரி அல்ல. பிழைக்க வந்தவள், கடல் தாண்டி வந்தவள், அல்லது கட்டிக்கொண்டு வந்தவள். போலீஸ் வேலையா, அதிகாரமா, துப்பாக்கியா, ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்டவள் எப்படித் துப்பறிவாள்? துப்பறிந்து சொன்னாலும் யார் நம்புவார்கள்?

‘சிவில் படிக்கிற பொண்ணுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்கு?’ என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். எனக்கு ஊர் கொல்லிமலை, திண்ணனூர் நாடு. எங்கள் பக்கம் கல்யாணம் ஆன பெண்ணுக்கு அவள் பிறந்த ஊர்தான் பெயர். என் ஆயா சேலூர் நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்து அறுபது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் அவர் ‘சேலூர்க்காரி’தான். இரண்டு நாடுகளும் ஒரே மலைமேல்தான் இருக்கின்றன. ஆனாலும் வந்தவள் வந்தவள்தான்! ஆகவே இந்த நாவல்களை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தபோது, எனக்கு அமெரிக்காவும் அயர்லாந்தும் அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

கப்பலில் வந்தவர்கள்

இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றவள் மோலி மர்ஃபி. இவளைப் படைத்தவர் ரைஸ் போவன் என்ற புனைபெயரில் எழுதும் ஆசிரியை. இங்கிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியா போய், பின் அமெரிக்காவில் குடியேறியவர். அவரும் வந்தவர்தான். முதல் நாவலான ‘மர்ஃபிஸ் லா’ 2001-ல் வெளிவந்து அகதா விருதைப் பெற்றது. கதை நடப்பது 1901-ல்.

மோலி அயர்லாந்துக் கிராமத்துப் பெண். பண்ணையார் மகன் பலாத்காரம் செய்ய வருகிறான். இவள் தள்ளிவிட, அவன் விழுந்து செத்துப்போகிறான். ஊரில் இருந்தால் தூக்குதான் என்று லிவர்பூலுக்கு ஓடி வருகிறாள். அங்கே ஒரு தாய் – காசநோய்க்காரி. காசநோய் இருந்தால் அமெரிக்காவில் இறங்க விடமாட்டார்கள். புருஷனோ நியூயார்க்கில். ‘என் பெயரில், என் டிக்கெட்டில் நீ போ, என் இரண்டு குழந்தைகளையும் தகப்பனிடம் சேர்த்துவிடு’ என்கிறாள் அந்தத் தாய். ஆக மோலி அமெரிக்காவில் காலெடுத்து வைப்பதே பொய்ப் பெயரில்! வந்து இறங்கிய இடத்திலேயே ஒரு கொலை. செத்தவன் கப்பலில் இவளிடம் வம்பு வளர்த்தவன். சந்தேகம் இவள் மேலும், இவளுக்கு உதவிய ஒரு பையன் மேலும் விழுகிறது.

இங்கே ஆசிரியையின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டும். சாதாரணத் துப்பறியும் கதையில் ரகசியம் குற்றவாளியிடம் இருக்கும். இதில் துப்பறிபவளிடமே ஒரு ரகசியம் இருக்கிறது. உண்மையைத் தோண்டத் தோண்டத் தன் உண்மையும் வெளியே வந்துவிடும். தோண்டாவிட்டால் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்வான். போலீசில் போய்ச் சொல்லலாம் என்றால், ‘உன் பெயர் என்ன?’ என்பதுதானே அவர்களின் முதல் கேள்வி!

கொலை நடக்கும் எல்லிஸ் தீவு உண்மையான இடம். 1892 ஜனவரி 1-ம் தேதி திறக்கப்பட்டு, 1954 வரை நடந்த குடியேற்றச் சாவடி. ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அளவில் அதன் வழியாக அமெரிக்காவுக்குள் போயிருக்கிறார்கள். முதலில் கட்டியது மரக் கட்டிடம். 1897-ல் எரிந்துபோய், செங்கல் கட்டிடமாகக் கட்டி 1900 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். ஆக 1901-ல் மோலி வந்து நிற்பது புதுக் கட்டிடத்தில். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். கீழ்த்தட்டில் வந்த ஏழைகள்தான் வரிசையில் நிற்க வேண்டும். டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார். சந்தேகம் வந்தால் சட்டை மேல் சாக்பீசால் ஓர் எழுத்து. கண்ணுக்கு ஓர் எழுத்து, இருதயத்துக்கு ஓர் எழுத்து, நொண்டினால் ஓர் எழுத்து. அந்த எழுத்து விழுந்தால் தனியாக நிறுத்திவிடுவார்கள். சந்தையில் மாட்டுக்குச் சாயம் தடவுகிற மாதிரி! சரித்திர நாவலில் இந்த மாதிரி விவரம் வெறும் அலங்காரம் இல்லை. யார் எந்த வரிசையில், எவ்வளவு நேரம், யார் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள் என்பதுதானே சாட்சியம்.

நம் நாட்டுத் தொடர்புள்ள நாவல் வேண்டும் என்பவர்களுக்கு நெவ் மார்ச் இருக்கிறார். பம்பாயிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய பார்சிப் பெண்மணி. 1891-ல் பம்பாய் ராஜாபாய் மணிக்கூண்டிலிருந்து இரண்டு பார்சி இளம்பெண்கள் விழுந்து இறந்தார்கள். ஊரையே உலுக்கிய உண்மைச் சம்பவம் அது. அதை வைத்து ‘மர்டர் இன் ஓல்டு பாம்பே’ என்ற நாவலை 2020-ல் வெளியிட்டார். அதில் துப்பறிபவர் கேப்டன் ஜிம் என்ற கலப்பினத்தவர். 2022-ல் வந்த அடுத்த நாவலில்தான் நம் விஷயம் வருகிறது. ஜிம்மும் அவரைக் கட்டிக்கொண்ட பார்சிப் பெண் டயானாவும் பம்பாயின் கட்டுப்பாடுகளை விட்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குக் குடிபோகிறார்கள். ஒரு கொலையை விசாரிக்கச் சிகாகோ போன ஜிம் காணாமல் போகிறார். தேடிக்கொண்டு கிளம்புகிறாள் டயானா.

வருஷம் 1893. சிகாகோவில் உலகக் கண்காட்சி. ஆம் நண்பர்களே, அதே சிகாகோ, அதே 1893! மெட்ராஸ் இளைஞர்களும் ராமநாதபுரம் சேதுபதியும் துணை நிற்க விவேகானந்தர் கப்பலேறியது இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபைக்குத்தான். நம் பாலிடெக்னிக் மலரில் இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. முதல் ராட்டினச் சக்கரம் சுழன்றதும் அங்கேதான். பெர்ரிஸ் என்ற பாலம் கட்டும் என்ஜினீயர் 264 அடி உயரத்தில் 36 கூண்டுகள் வைத்து, கூண்டுக்கு 60 பேர் வரை ஏறும்படி நிறுத்தினார். ஒரே நேரத்தில் 2160 பேர்! மாரியம்மன் பண்டிகை ராட்டினத்தைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஜொலிப்புக்குப் பின்னால் அதே வருஷம் அமெரிக்காவில் பாங்குகள் முறிந்து, ஆலைகள் மூடி, ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்து நின்றார்கள். பம்பாயில் குடும்பப் பெயரைச் சொன்னாலே கதவு திறந்த டயானாவுக்கு, இந்த ஊரில் அந்தப் பெயரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வந்தவளாக இல்லாவிட்டாலும், பெண் என்பதாலேயே உள்ளே நுழைய முடிந்தவள் ஒருத்தியையும் சொல்லிவிடுகிறேன். சுஜாதா மாசி எழுதிய ‘தி விடோஸ் ஆப் மலபார் ஹில்’ (2018) நாவலின் பெர்வீன் மிஸ்திரி, 1921 பம்பாயில் பெண் வக்கீல். கோஷா முறையில் இருக்கும் மூன்று விதவைகளை ஆண் வக்கீல் யாரும் பார்க்க முடியாது, இவள் பார்க்கலாம். இது கற்பனையல்ல. ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்த முதல் பெண்ணான கொர்னீலியா சொராப்ஜி, இப்படிப்பட்ட பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக 1904-ல் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர். மோலியும் பின்னால் ஒரு நாவலில் தையல் தொழிற்சாலைக்குள் கூலிக்காரியாகப் புகுந்து துப்பறிகிறாள். போலீஸ்காரன் பூட்ஸ் காலோடு போக முடியாத இடங்கள் ஊருக்குள் எவ்வளவோ உண்டு. சமையல்கட்டு, பிரசவ அறை, கிணற்றடி!

யார் நம்புவார்கள்?

ஆனால் உள்ளே நுழைவது பாதிதான். பார்த்ததை வெளியே வந்து சொன்னால் எடுபட வேண்டுமே. என் அபிப்பிராயத்தில் இவ்வகை நாவலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஷெர்லக் ஹோம்ஸ் ஒன்றைச் சொன்னால் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்கிறார். வந்தவள் சொன்னால் ‘உனக்கு என்ன தெரியும் எங்க ஊரைப் பத்தி?’ என்பார்கள். ஆகவே வெறும் யூகத்தை வைத்துக்கொண்டு அவளால் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. கையில் எடுத்துக் காட்டும்படி ஒரு பொருள் வேண்டும். யார் பார்த்தாலும், அவளைப் பிடிக்காதவன் பார்த்தாலும், ‘ஆமாம்’ என்று சொல்லியே தீரவேண்டிய பொருள். அதனால்தான் இந்த நாவல்கள் தடய விஷயத்தில் மற்றவற்றைவிட நாணயமாக இருக்கின்றன. ஆசிரியர் ஏமாற்ற நினைத்தாலும் நாயகியின் நிலைமை விடாது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று ஒரு முகம் தெரிந்தது. வேற்றூரிலிருந்து வந்த பெண், ஆதரவு யாருமில்லை, கணவன் மேல் திருட்டுப் பழி, நம்பாத சபை, கையில் ஒரு பொருள். அட, நம்ம கண்ணகி!

தமிழில் துப்பறியும் கதையின் ஆரம்பத்தைப் பேசுகிறவர்கள் பண்டிதர் நடேச சாஸ்திரி 1894-ல் எழுதிய ‘தானவன்’ கதைகளைக் குறிப்பிடுவார்கள். தானவன் ஒரு போலீஸ் நிபுணன். அது சரிதான். ஆனால் நான் சொல்லும் இந்த வந்தவள் வகைக்கு வேர் தேடினால் சிலப்பதிகாரத்துக்குத்தான் போக வேண்டும்.

மேடைப் பேச்சில் கண்ணகியின் கோபத்தை மட்டுமே கேட்டுக் கேட்டு நாம் வளர்ந்துவிட்டோம். வழக்குரை காதையைத் துப்பறியும் கதை படிக்கிற கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். அவள் சபைக்குள் வந்ததும் சிலம்பைப் போட்டு உடைத்துவிடவில்லை. முதலில் தான் யார், எந்த ஊர் என்று சொல்கிறாள். புகார் நகரத்தாள் என்பதையும், நீதிக்குப் பெயர் போன அந்த ஊர் மன்னர்களையும் சொல்லித் தன் முகவரியை நிலைநாட்டுகிறாள். கள்வனைக் கொல்வது முறைதானே என்று பாண்டியன் சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வருகிறாள். என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் வாயிலிருந்து பதில் வருகிறது, எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று. இரண்டு வாக்குமூலமும் சபை அறியப் பதிவாகிவிட்டன. எதிர்க்கட்சிக்காரர் இனிப் பேச்சை மாற்ற முடியாது. அதற்குப் பிறகுதான் உடைக்கிறாள்! மாணிக்கம் தெறிக்கிறது. இன்றைக்கு ஒரு நல்ல வக்கீல் குறுக்கு விசாரணையில் செய்வதும் இதே வரிசைதான். முதலில் எதிராளியை ஒரு சொல்லில் கட்டிவிட வேண்டும். பிறகே தடயத்தைக் காட்ட வேண்டும். முன்னாலேயே உடைத்திருந்தால், ‘எங்கள் சிலம்பிலும் மாணிக்கம்தான்’ என்று யாராவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

கொலைக்களக் காதையும் அப்படியே. பொற்கொல்லன் கூட்டிவந்த காவலர்களில் ஒருவருக்கு, ‘இவன் முகத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே’ என்று சந்தேகம் வருகிறது. பொற்கொல்லன் விடுவானா? திருடர்களின் மந்திரம், மருந்து, தந்திரம் என்று ஒரு பெரிய பிரசங்கமே செய்கிறான். விசாரணை நடக்க வேண்டிய இடத்தில் பிரசங்கம் நடக்கிறது. அவன் பேச்சு ஓய்வதற்குள் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. தமிழாசிரியர்கள் கோபிக்க வேண்டாம். கண்ணகி கோவலன் திருடனல்ல என்று நிரூபித்தாள். யார் திருடினார் என்று சபையில் யாரும் விசாரிக்கவில்லை. கேட்பதற்குள் அரசன் உயிர் போயிற்று, நகரம் எரிந்தது. விளைவு என்ன? பின்னால் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்து அவளுக்குச் சாந்தி செய்ததாக நூலின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை கூறுகிறது. திருடியவன் ஒருவன், செத்தவர் ஆயிரம். விசாரணை பாதியில் நின்றால் பழி ஒரு கூட்டத்தின் மேலேயே விழும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. நல்ல துப்பறியும் நாவல் குற்றவாளியின் பெயரைச் சொல்லாமல் முடிவதில்லை என்பது ஏதோ வாசகர் ஆசைக்காக மட்டும் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று, மலைக்காரி என்ற முறையில் எனக்குப் பெருமையான விஷயம். கண்ணகி விண்ணேறியதைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் சேரநாட்டுக் குன்றக் குறவர்கள். அவர்கள் சொன்னதைச் செங்குட்டுவன் நம்பினான். மலைவாசிகள் சாட்சி சொல்லி ஓர் அரசன் கேட்டான்! கதை எனினும் எழுதி வைத்திருக்கிறார்களே.

ஆடிப் பதினெட்டு

சாட்சியை நம்புவது பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இது நாவலைவிட நல்ல உதாரணம்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் சாமைக்காடு இருந்தது. 1960-களின் கடைசியில் அது கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் பெயருக்குப் போய்விட்டது. தாத்தா கிரயம் எழுதிக் கொடுத்ததாகப் பத்திரம். தாத்தாவோ சாகும்வரை ‘நான் கைநாட்டு வெக்கவே இல்ல’ என்றுதான் சொன்னாராம். அப்பா ஒரு கடனுக்காக வில்லங்கம் போட்டுப் பத்திர நகல் எடுத்தபோது அதை நான் படித்தேன். பத்திரத்தில் உள்ள தேதி ஆகஸ்ட் 2. ‘இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுதியிருக்கிறது. இன்னார்தான் இவர் என்று அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் கீழ்நாட்டுக்காரர்கள். எந்த வருஷம், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

தேதியை வாசித்துக் காட்டியதும் ஆயா, ‘அது என்ன கெழம, தமிழ்ல என்ன தேதி?’ என்று கேட்டார். பழைய பஞ்சாங்கம் தேடிப் பார்த்தேன். ஆடி 18 சில வருஷம் ஆகஸ்ட் 2-ல் வரும். சில வருஷம் 3-ல் வரும். அந்த வருஷம் 2-ம் தேதிதான்.

‘அன்னிக்கித்தான்டி உங்க பெரியப்பன் பொறந்தான்’ என்றார் ஆயா. ‘ஆடிப் பதினெட்டுன்னு மருத்துவச்சி அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டா. எனக்கு வலி எடுத்துருச்சு. உங்க தாத்தன் கூட்டத்துல அவளத் தேடிக் கூட்டியாரதுக்குள்ள சாயங்காலமாயிருச்சு. அவரு எங்க இருந்து கீழ எறங்கறது?’

எனக்குக் கை நடுங்கியது. இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். சொன்னாராம். ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியபோது ஓரமாக நின்று சொன்னாராம். ‘பொம்பளைக்கு என்ன தெரியும், அதுவும் வந்தவளுக்கு’ என்று யாரோ சொன்னதில் பேச்சு நின்றுவிட்டதாம். பத்திரத்துத் தேதியை யாரும் ஆயாவுக்குப் படித்துக் காட்டவும் இல்லை; அவர் பிரசவ நாளை யாரும் பத்திரத்தோடு ஒப்பிடவும் இல்லை. ஒரு பாதி கீழே ஓர் அலுவலகத்தில் காகிதமாக, மறு பாதி மலைமேல் ஒரு மனுஷியின் ஞாபகமாக, அறுபது வருஷம் நெருங்கத் தனித்தனியாக இருந்திருக்கின்றன!

சரி, பெரியப்பாவின் பிறந்த தேதியைக் காட்டினால் போதுமே என்று பள்ளிச் சான்றிதழைப் பார்த்தால், அதில் இருப்பது மே மாதத்துத் தேதி. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைய வேண்டும் என்று வாத்தியார்கள் உத்தேசமாக ஒரு தேதி போட்டுவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் காகிதத்தில் ஆடி மாதம் இல்லாமலே போய்விட்டது. மருத்துவச்சியும் இன்றில்லை. பதிவு அலுவலகங்களில் கைரேகைப் பதிவேடு தனியாக இருக்கும். அதைப் பார்க்கலாம் என்றால், ஒப்பிட தாத்தாவின் வேறொரு ரேகை வேண்டும். அவர் ரேஷன் கடைக்குக்கூட ஆயாவைத்தான் அனுப்பினார். விசாரித்த வக்கீல், வழக்குப் போடும் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றார்.

இதில் எனக்குக் கிடைத்த பாடம் நாவல் சம்பந்தப்பட்டது. சரித்திரத் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் ‘அந்தக் காலத்தில் எந்தச் சாட்சியம் எங்கே தங்கும், எது அழியும்’ என்று முதலில் யோசிக்க வேண்டும். ரேகையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் 1897-ல் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது 1901-ல்தான் வந்தது. ஆகவே 1901-ல் நியூயார்க்கில் இறங்கும் மோலிக்கு ரேகை உதவாது. 1897-க்கு முன் நடப்பதாகக் கதை எழுதினால் நமக்கும் உதவாது.

எங்கள் மலைக்கு ஒரு நாவல்

இப்போது என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையை வைத்து இப்படி ஒரு நாவல் வர வேண்டும். கொல்லிமலை என்றால் வல்வில் ஓரி, இல்லாவிட்டால் சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவை, அதையும் விட்டால் சித்தர்களும் மூலிகையும் என்று வெளியூர் எழுத்தாளர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே மனுஷர் குடியிருப்பதாகவே அவர்கள் நினைப்பதில்லையோ என்னவோ!

எங்கள் சமூகத்துக்கே மலையாளி என்று பெயர். (‘நீ கேரளாவா?’ என்று முதல் வருஷம் முழுக்கக் கேட்டார்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) நாங்களும் வந்தவர்கள்தான் என்பதுதான் எங்கள் பூர்வீகக் கதை. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பார்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இக்கதை இருக்கிறது. சகோதரர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் வெவ்வேறு குலத்தார். அவர்களில் ஒருத்தி நெசவுக்காரக் கைக்கோளர் வீட்டுப் பெண் என்றும் கதை உண்டு. மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் பெயர் இருக்கிறது. நான் கேட்ட வரையில் அந்தப் பெண்களுக்கு யாரும் பெயர் சொன்னதில்லை.

அந்த நெசவுக்காரப் பெண்தான் என் நாயகி. காலத்தை மட்டும் நமக்குத் தெரிந்த காலத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அன்றைக்குக் கொல்லிமலையும் சேலம் ஜில்லாதான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். தறி நின்றுபோய், வீட்டில் எல்லோரையும் பறிகொடுத்த ஓர் இளம்பெண் கிழங்கு தோண்டியாவது பிழைக்கலாம் என்று மலையேறி வருகிறாள். திண்ணனூர் நாட்டில் ஒரு குடும்பம் சோறு போட்டு, பின்னால் மருமகளாக்கிக்கொள்கிறது. ஊர் அவளை ‘கீழ்நாட்டுக்காரி’ என்கிறது. (தெரியாமலா சொல்கிறேன்!)

ஒருநாள் காட்டுப் பாதையில் ஒரு பிணம். முகம் தெரியவில்லை, கரடி அடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டுகிறது. இடுப்புத் துணியைப் பார்த்து, நம் ஆள்தான், இன்னார்தான் என்று அடையாளமும் சொல்லிவிடுகிறார்கள். தறியே இல்லாத ஊரில் எல்லாத் துணியும் ஒரே துணிதான். அவளுக்கு மட்டும் கண் கரையில் போய் நிற்கிறது. இந்தக் கரை போட்ட கை யாருடையது, எந்த ஊர்த் தறி, பாவு எத்தனை நெருக்கம், ஊடையில் எங்கே இழை அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது என்று விரலால் தடவியே அவளால் சொல்ல முடியும். இது இந்த ஊர்க்காரன் உடுத்திய துணி இல்லை. அப்படியென்றால் செத்தது யார்? ‘இன்னார்’ எங்கே போனான்?

சொல்வாளா? சொன்னால், ‘உன்கூட மலையேறி வந்தவனா?’ என்று அவள் மேலேயே திரும்பும். மோலிக்கு இருந்த அதே இக்கட்டு. பொருளைக் காட்ட வேண்டும். ஆனால் கண்ணகியின் சிலம்பு மாதிரி உடைத்தவுடன் எல்லார் கண்ணுக்கும் தெரியும் பொருள் இல்லை இது. நெசவு தெரியாதவர்களுக்கு நெசவைச் சாட்சியாக எப்படி நிரூபிப்பது? என் யோசனை என்னவென்றால், அவள் மூங்கிலை நட்டு ஒரு சின்னத் தறி கட்டி, அதே துணியை ஒரு முழம் அவர்கள் கண் முன்னாலேயே நெய்து காட்ட வேண்டும். அதற்குள் குற்றவாளி என்ன செய்வான் என்பதையும் யோசித்து வைத்திருக்கிறேன். அதை இங்கே சொல்லிவிட்டால் அப்புறம் நாவலை யார் படிப்பார்கள்?

எழுதத் தொடங்கியதில் இரண்டு இடத்தில் நிற்கிறேன். மோட்டார் ரோடு வருவதற்கு முன் காரவள்ளிப் பக்கமிருந்து தலைச்சுமையோடு மேலே ஏறி வர எத்தனை நாழிகை ஆகும் என்பது ஒன்று. ஆயாவும் அவர் வயதுக்காரர்களும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். வருகிற லீவில் சுமையோடு நானே ஏறிப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன். இன்னொன்று டெக்ஸ்டைல் பிரிவு நண்பர்களுக்கு: கைத்தறியில் ஒரு முழம் முரட்டுத் துணி நெய்ய, பாவு ஓட்டுவதில் ஆரம்பித்து, ஒற்றை ஆளாக எவ்வளவு நேரம் பிடிக்கும்? தெரிந்தவர்கள் பெண்கள் விடுதியில் மூன்றாம் ஆண்டு சிவில் என்று சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பவும். பொழுது விடிவதற்குள் முடியுமா என்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.